நிழலை அளந்து பொருளை அறிதல்

நீரைப் பனிக்கட்டியாக்குவது வெப்பநிலையின் மாற்றம் என்பதை யாவரும் அறிவர். ஆனால் வெப்பமே அற்ற தனிச்சுழி நிலையிலும், காந்தப்புலத்தையோ அழுத்தத்தையோ மாற்றினால் சில பொருள்கள் தம் இயல்பை மாற்றிக்கொள்ளும். இதுவே குவாண்டம் நிலைமாற்றம். கோபால்ட் நயோபேட் என்னும் படிகத்தில் அணுக்காந்தங்கள் சங்கிலி போல் நிற்கின்றன. குறுக்கே சுமார் 5.5 டெஸ்லா காந்தப்புலம் செலுத்தியதும் அவற்றின் ஒழுங்கு குலைவதை 2010-இல் நியூட்ரான்களைக் கொண்டு கண்டனர்.

மாற்றப் புள்ளியைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்று குவாண்டம் பிணைப்பு. சங்கிலியின் ஒரு துண்டுக்கும் எஞ்சிய பகுதிக்கும் உள்ள பிணைப்பு, மற்ற இடங்களில் ஓரளவோடு நின்றுவிடும். மாற்றப் புள்ளியிலோ, துண்டு நீள நீள மடக்கை விதிப்படி வளர்ந்துகொண்டே செல்லும்.

2006-இல் ரியூ, தகயனாகி என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் விந்தையான வழியொன்றைக் காட்டினர். பொருளைவிட ஒரு பரிமாணம் கூடுதலான வளைந்த வெளியைக் கருதி, அதனுள் துண்டின் எல்லையில் முடியும் மிகச் சிறிய பரப்பை அளந்தால், அதுவே பிணைப்பின் அளவைத் தரும் என்றனர். கருந்துளையின் எண்ட்ரபிக்குரிய சூத்திரமும் இவ்வடிவினதே! உலோகம் மின்கடத்தாப் பொருளாகும் மாதிரிகளிலும் இவ்வழியால் மாற்றப் புள்ளியைத் தேடுகின்றனர்.

இதைக் கேட்டு மயங்குவோரும் உளர். வெறுங்கற்பனை என எள்ளுவோரும் உளர். இரண்டும் தவறு என்பேன். விடை தெரிந்த சங்கிலிக்கு இம்முறை அதே மடக்கை விதியைத் தருகிறது, ஆதலின் கற்பனையன்று. ஆனால் எண்ணற்ற உட்கூறுகள் வலுவாக இயங்கும் மாதிரிகளுக்கே இச்சூத்திரம் செம்மையாகப் பொருந்தும். கோபால்ட் நயோபேட் அத்தகையதன்று. மாதிரியில் கண்டதைப் படிகத்தில் கண்டதாகப் பறைசாற்றுவது விஞ்ஞான அறமாகாது.

நாம் வாழும் கொல்கத்தா இத்துறைக்குப் புதியதன்று. இங்குள்ள சாகா நிலையத்தின் பிகாஸ் சக்ரவர்த்தி, வேறு இருவருடன் சேர்ந்து, குறுக்குப் புலத்தில் நிற்கும் இக்காந்தச் சங்கிலிகளைப் பற்றி 1996-இலேயே நூல் எழுதினார். நம்மவரோ அதைத் தீண்டாமல் கருந்துளையை நோக்கி ஓடுகிறோம். நானும் ஓடியவனே. பின்னர் பத்துக் காந்தங்களை வைத்து விடுதி அறையில் கணினியில் கணக்கிட்டேன். கூரிய முனையை எதிர்பார்த்தேன். மங்கலான மேடுதான் வந்தது. சங்கிலியை நீட்ட நீட்ட அது கூர்மையாவதைக் கண்ட பிறகே, நிலைமாற்றம் என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று.

தோழர்களே! நிழலை அளக்கும் கலையைக் கற்போம். ஆனால், முதலில் பொருளைத் தொட்டுப் பார்ப்போம்.