ஸ்கூபா கத்துக்கப் போறீங்களா? சர்டிபிகேட் அப்புறம்... முதல்ல கருவியைப் பாருங்க!

லீவு விட்டால் போதும், கிழக்கு கடற்கரை சாலையில் கார்கள் புதுச்சேரியை நோக்கிப் பறக்கின்றன. முன்பெல்லாம் பீச், போட்டிங் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இப்போது 'கடலுக்கு அடியில போய் மீன் பார்க்கணும்' என்ற ஆசையும் சேர்ந்துவிட்டது. புதுச்சேரியிலும் சென்னை பக்கமும் ஸ்கூபா டைவிங் பயிற்சி தரும் இடங்கள் இருக்கின்றன.

பயிற்சிக்கு விசாரிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எவ்வளவு சார்?'. அடுத்தது, 'சர்டிபிகேட் தருவீங்களா?'. 'தண்ணிக்குள்ள வீடியோ எடுத்துத் தருவீங்களா?' என்றும் கேட்பார்கள். 'எனக்கு என்னென்ன கருவி மாட்டிவிடுவீங்க?' என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் உயிர் தொங்கிக்கொண்டு இருப்பது அந்தக் கேள்வியில்தான்!

18 வயது மாணவிக்கு நேர்ந்த கதி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள மெக்டொனால்டு ஏரியில், 2020 நவம்பர் 1-ந் தேதி ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. குளிர்ந்த தண்ணீர் என்பதால், 18 வயது மாணவி ஒருவர் உடம்பில் தண்ணீர் படாத 'டிரை சூட்' அணிந்திருந்தார். அவர் அதை அணிந்து டைவ் செய்தது அதுதான் முதல் தடவை.

இந்த உடையில் ஒரு விஷயம் உண்டு. ஆழம் போகப் போக உடைக்குள் இருக்கும் காற்று சுருங்கும். உடை உடம்பை இறுக்கும், ஆளும் கீழே இழுக்கப்படுவார். அதைச் சரிக்கட்ட, சிலிண்டரில் இருந்து ஒரு குழாய் வழியாக உடைக்குள் காற்று விட வேண்டும். அந்த மாணவிக்கு அந்தக் குழாயே இணைக்கப்படவில்லை. போதாக்குறைக்கு 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ ஈய எடை. அதுவும் அவசரத்துக்குச் சட்டென்று கழற்ற முடியாதபடி பைகளுக்குள்!

தண்ணீருக்குள் அவர் மூழ்கிக்கொண்டே போனார். கூட டைவ் செய்த இன்னொருவர் காப்பாற்றப் போராடியும் எடையைக் கழற்ற முடியவில்லை. மாணவி உயிரிழந்தார். குடும்பம் வழக்கு தொடர்ந்தது, அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. போன உயிர் போனதுதான்.

நம்ம ஊர் கடல் வெதுவெதுப்பானது, டிரை சூட் தேவையில்லை. ஆனால் பாடம் நமக்கும்தான். சிலிண்டர் இருந்தது, ரெகுலேட்டர் இருந்தது, சொல்லித்தர ஆளும் இருந்தது. ஒரே ஒரு குழாய் இல்லை, எடை சரியில்லை. அவ்வளவுதான் விஷயம்.

என்னென்ன இருந்தே ஆகணும்?

பேடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகளின் அடிப்படைப் பயிற்சியில் ஒரு மாணவர் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். அதற்கு உடம்பில் இருக்க வேண்டியவை: மாஸ்க், சுவாசக் குழாய், காலில் மாட்டும் ஃபின்ஸ், சிலிண்டர், வாயில் வைக்கும் ரெகுலேட்டர், இன்னொருவருக்குக் காற்று கொடுக்க 'ஆக்டோபஸ்' எனும் இரண்டாவது ரெகுலேட்டர், மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டர், ஆழம் காட்டும் கருவி, மிதக்க உதவும் பி.சி.டி. ஜாக்கெட், சட்டென்று கழற்றக்கூடிய எடை, விசில். இதில் ஒன்று குறைந்தாலும் 'பரவாயில்ல சார், சமாளிச்சுக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மீட்டர் எதுக்கு?

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை! நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றுதான். சுத்த ஆக்சிஜனை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பே வந்துவிடும்.

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால் தரையில் 2 மணி நேரம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, எனவே ஒரு மணி நேரம்தான். 18 மீட்டரில் 43 நிமிடம். 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும் என்பதால் கையில் கிடைப்பது அரை மணி நேரம். புது ஆள் பயத்தில் வேகமாக மூச்சு விடுவார், அதுவும் குறையும்.

1992 முதல் 2003 வரை நடந்த 947 டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? காரணம் தெரிந்த மரணங்களில், பிரச்சினையின் தொடக்கம் 41 சதவீதத்தில் காற்றுத் தட்டுப்பாடு, 15 சதவீதத்தில் கருவிக் கோளாறு. சுறா கடிக்கும் என்று பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது மீட்டரைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான்!

எதை வாங்கலாம்?

முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீங்க. மாஸ்க் மட்டும் சொந்தமாக இருந்தால் நல்லது, ஏன்னா முகத்துக்கு முகம் மாறும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்க. கையை எடுத்தும் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்க மாஸ்க். நீச்சல் கண்ணாடி உதவாது. அதில் மூக்குக்கு இடம் இல்லாததால், ஆழத்தில் அது கண்ணை அழுத்தும். செகண்ட் ஹேண்ட் ரெகுலேட்டர் மலிவாகக் கிடைக்குதேன்னு, சர்வீஸ் செய்யாமல் வாங்கி மாட்டாதீங்க.

யார் செக் பண்றது?

இங்கேதான் சிக்கலே. பயிற்சி விதிகளை எழுதுவது தனியார் அமைப்புகள். டைவிங் மையங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 24803 என்ற சர்வதேசத் தரமும் இருக்கிறது. சிலிண்டர்களுக்கு மத்திய அரசின் 2016-ம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகள் உண்டு. பேப்பரில் எல்லாம் இருக்கு. ஆனால் காலையில் படகு கிளம்பும் நேரத்தில், உங்க முதுகில் ஏறும் சிலிண்டரை அரசு அதிகாரியா வந்து பார்க்கப் போகிறார்? பயிற்சியாளர் பார்க்கணும், நீங்க பார்க்கணும். வேறு யாரும் இல்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்க. சிலிண்டரில் டெஸ்ட் தேதி எங்கே அடிச்சிருக்கு? ரெகுலேட்டரை கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணினீங்க? எனக்கு எத்தனை கிலோ எடை, அதை எப்படிக் கழற்றுவது? காற்று தீர்ந்தால் யார் எனக்குக் கொடுப்பாங்க?

நல்ல பயிற்சியாளர் சந்தோஷமா பதில் சொல்வார், கையைப் பிடித்துக் காட்டியும் கொடுப்பார். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம், நீங்க போட்டோவுக்கு ரெடியாகுங்க' என்று சொன்னால்... பேசாமல் கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்துடுங்க. கடல் எங்கேயும் போயிடாது!