களியும் சர்க்கரை வியாதியும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோழர்கள் பலர், "ராகிக்களிக்குச் சர்க்கரை ஏறாது, பாட்டன் அதைத்தானே தின்றான்" என்கிறார்கள். பாட்டன் பகலெல்லாம் ஏர் ஓட்டினான். பேரன் ஆலையில் யந்திரத்தின் முன் நிற்கிறான். நிற்க, நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால் ராகியில் சுமார் 70. ராகியில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகமென்பதை நாம் மறுக்கவில்லை. அதற்காக இரண்டு உருண்டை விழுங்குவது என்ன புத்திசாலித்தனமோ!

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-ந் தேதி இந்த ஜில்லா சாமனப்பள்ளியில்தான் துவங்கிற்று. மாத்திரை வீடு தேடி வருகிறது. தட்டிலோ களி பழைய அளவிலேயே இருக்கிறது. உருண்டையைப் பாதியாக்கி, கீரை, அவரைக்காய், முட்டையைக் கூட்டிச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரங்கழித்து ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பாட்டன் சொன்னதையும் நாம் சொல்வதையும் அந்தக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் முன்னதாக டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தளவு மாறாவிட்டால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம்.