பெட்டியில் உறங்கும் பாட்டு



தாம் கட்டிய பாட்டைக் கேட்டுப் பிறர் நகைப்பரோ எனக் கூசி, அதைப் பெட்டிக்குள் பூட்டி வைப்போர் நம்மிடையே பலர்.

ஆஸ்திரியா நாட்டில் யோசேப்பு மோர் எனும் உதவிக் குரு 1816ஆம் ஆண்டில் ஒரு கவிதை எழுதினார். ஈராண்டுகள் கழித்து, 1818 டிசம்பர் 24ஆம் நாள், அதைப் பள்ளி ஆசிரியர் கிரூபரிடம் தந்து மெட்டமைக்க வேண்டினார். அன்றிரவே ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் இருவரும் கித்தார் இசையுடன் அதைப் பாடினர். அதுவே இன்று உலகெங்கும் ஒலிக்கும் ‘சைலன்ட் நைட்’. கிரூபரோ 1854இலும் தம் படைப்பை எளியதொன்று என்றே குறித்தார்.

ஆகவே அரங்கம் தேட வேண்டா. நம்பிக்கைக்குரிய ஒருவர் போதும். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் பாடிக் காட்டுங்கள். குரல் நடுங்கினும் தாழ்வில்லை. பெற்றோரே, பிள்ளை பாடி முடிக்கும்வரை நகையாது கேளுங்கள். நீங்கள் நகைத்தால் அப்பெட்டி மீண்டும் திறவாது.