வலியை முகத்தில் தேடாதீர்கள்

கூடலூரில் ஆடி மழை பிடித்தால் லேசில் விடாது. எங்கள் பக்கம் அது பழகிப்போன சங்கதி. ஆனால் நனைந்தாலோ, குளிர் ஏறினாலோ, தண்ணீர் குடிக்க மறந்தாலோ எனக்கு எலும்பு பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இருப்பது சிக்கிள் செல் நோய். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன. அவர்கள் இருவருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆக்சிஜன் குறைந்தால் என் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, விறைத்து, மெல்லிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். ரத்தம் எட்டாத இடம் வலிக்கும். தொடையில் தொடங்கினால் போர்வை பட்டாலும் தாங்காது. முதலில் அழுவேன். சில மணி நேரம் போனால் அழவும் தெம்பிருக்காது. அசைந்தால் கூடும் என்பதால் அசையாமல் படுத்து, கவனத்தைத் திருப்பப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடந்த ஓர் இரவில்தான் நர்ஸ் ஒருவர் கேட்டார்: “போன் பாக்குறியே, அவ்வளவு வலியாம்மா உனக்கு?”

எந்த ஊசி எனக்குக் கேட்கும் என்று சொன்னேன். “மருந்து பேரெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கியே” என்றார். சர்க்கரை நோயாளி தன் இன்சுலின் அளவைச் சொன்னால் விவரமானவர். நான் சொன்னால் ஊசிக்கு அலைகிறவள். பழங்குடிப் பெண் என்பதும் இந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்கும் இந்த மரபணுக் கூறு இந்தியாவில் முதலில் பதிவான இடங்களில் எங்கள் நீலகிரியும் ஒன்று. 1952இல் ஆராய்ச்சியாளர்கள் இங்குள்ள மலைவாழ் மக்களின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோய்க்கும் இடம் கிடைத்தது. 2023 ஜூலையில் மத்திய அரசு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது: 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் நோய்க்கு முடிவு. பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேருமே இந்த மரபணுக் கூறு உள்ளவர்கள் என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்தால் நல்லதுதான். அதெல்லாம் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு. ஏற்கெனவே பிறந்துவிட்ட நாங்கள் ராத்திரி 2 மணிக்கு வலியோடு வந்தால் என்ன செய்வது?

பிரிட்டனில் 2012இல் வந்த வழிகாட்டுதல்படி, வலியோடு வரும் சிக்கிள் நோயாளிக்கு 30 நிமிடத்துக்குள் வலி மருந்து தர வேண்டும். அப்படி ஒரு நேரக்கணக்கு நம் அவசரப் பிரிவுகளுக்கும் வேண்டும். கடும் வலிக்குத் தரும் மார்ஃபினை மருத்துவத்துக்குப் பயன்படுத்துவதை எளிதாக்கச் சட்டத்தையே 2014இல் திருத்தியாகிவிட்டது. ஆனாலும் நான் போன சின்ன ஆஸ்பத்திரிகளில் பாராசிட்டமாலைத் தாண்டுவதே பெரும்பாடு. தினமும் விழுங்கும் ஹைட்ராக்சியூரியாவால் எனக்கு வலி வருவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. பரிசோதனைக்குப் பிறகு தரும் அட்டையிலேயே, நோய் உள்ளவர்களுக்கு எந்த வலி மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை என்று டாக்டர் எழுதிக் கையெழுத்திடட்டும். என் டாக்டர் தன் லெட்டர்பேடில் அப்படி எழுதிக் கொடுத்ததை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். சில டியூட்டி டாக்டர்கள் படித்துவிட்டு உடனே ஊசி போடச் சொல்கிறார்கள். சிலர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அரசு முத்திரை இருந்தால் பார்ப்பார்கள். பந்தலூர் பக்கம் இருக்கும் என் அத்தை மகளுக்கும் இதே நோய்தான். அவளுக்கு அப்படி எழுதிக் கொடுக்க ஒரு டாக்டரும் இல்லை.