சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா?

விலை கூறும் வணிகர் நிமிர்ந்து நின்றால், அந்நிமிர்வு சரக்கின் சிறப்பால் வந்ததா, அவர்தம் செருக்கால் வந்ததா எனக் கேட்டறிவது தமிழர் வழக்கம். ‘சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா?’ என்னும் பழமொழி அவ்வழிப் பிறந்ததே. வணிகத்தால் வாழ்ந்த செட்டிநாட்டிற்கு இவ்வினாவைக் கற்றுத்தர வேண்டுவதில்லை. ஆயினும், செல்பேசித் திரையில் விளையாட்டு என்னும் சரக்கு விரிக்கப்படும்போது இவ்வினாவை எழுப்புவார் யார்?

2020 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்திய அரசு பப்சி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. இரண்டே நாளில், இந்தி நடிகர் அக்சய் குமார் ‘பௌசி’ என்னும் விளையாட்டை அறிவித்தார். படைஞனைக் குறிக்கும் இந்திச் சொல்லாக ஒலிக்கும் பெயர். கல்வான் பள்ளத்தாக்கு மோதலே கதை. வருவாயில் 20 விழுக்காடு படைஞர் நல நிதிக்கு என்னும் உறுதி. 2021 சனவரி 26, குடியரசு நாளில் வெளியீடு! ஆடிப் பாராமலேயே 40 இலக்கத்திற்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்தனர்.

உள்ளே இருந்தது என்ன? தொடக்கத்தில் துமுக்கி இல்லை. பலர் கூடி ஆடும் வழியும் இல்லை. நடப்பதும், எதிர்ப்படும் பகைவரை அடிப்பதும், மீண்டும் நடப்பதுமே ஆட்டம். ஆடியோர் தந்த மதிப்பீடு விரைவிலேயே சரிந்தது.

இது புதிதன்று. ‘ஈ.டி.’ திரைப்படத்தின் புகழை நம்பி, அமெரிக்க அட்டாரி நிறுவனம் 1982-இல் ஐந்தே கிழமைகளில் ஒரு விளையாட்டைச் செய்வித்தது. அது முதலில் 10 இலக்கத்திற்கு மேல் விற்றது. பின்னர் வாங்குவாரின்றித் தேங்கியவை 1983-இல் நியூ மெக்சிகோ மண்ணில் புதைக்கப்பட்டன.

பிறர் நாட்டுப்பற்றை விற்றனர் என நகைத்து அமைதல் நமக்குப் போதாது. தமிழ்ப்பற்றும் அவ்வாறே விலைப்பொருளாகக் கூடும். நாளை ஒருவன் சோழன் பெயரை மேலே ஒட்டி, உள்ளீடற்ற ஆட்டமொன்றைத் தந்தால், ‘தமிழாயிற்றே’ எனத் தழுவிக்கொள்வதா? பெயர் தமிழாயிருத்தல் முதற்றகுதி. அதுவே முழுத்தகுதி ஆகிவிடாது.

பல்லாங்குழியைப் பாருங்கள். இரு வரிசையில் 14 குழிகள், கைநிறையப் புளியங்கொட்டை. எந்த நடிகரும் அதனைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நம் பெண்டிர் அதனை விரும்பி ஆடினர். எக்குழியில் எடுத்தால் எக்குழியில் முடியும் என ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வைத்த ஆட்டம் அது! அப்பலகைகள் இன்று காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் அழகுப்பொருளாக விலை போகின்றன.

கணிப்பொறி கற்ற தமிழிளைஞர்களே! அப்பலகையில் உறங்கும் அறிவைத் திரைக்குக் கொணர்க. மொழிப்பற்றால் பிள்ளைகள் ஒருநாள் ஆடுவர். ஆட்டம் நன்றாயின் நாளும் ஆடுவர். நாளும் ஆடும் மொழியிலேயே அவர்கள் எண்ணவும் பழகுவர்.