எதை வாங்குகிறோம்?



ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் நம் நெடுநாள் வாசகி ஒருவரைச் சந்தித்தேன். சைதாப்பேட்டையில் மசாலாப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். ஆர்டர் பெருகி, இருக்கிற மெஷின் போதவில்லை. அதே தொழிலில் உள்ள பெரியவர் ஒருவர், பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டதால், தன் கம்பெனியைக் கொடுத்துவிட நினைக்கிறாராம். "அதை வாங்கிடலாமா சார், இல்ல அந்தப் பணத்துல நானே இன்னொரு மெஷின் போடட்டுமா?" என்று கேட்டார். கூட்டத்தில் நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்தப் பக்கம்.

இதே கேள்விக்குச் சென்னைக் கம்பெனிகள் சில என்ன பதில் கண்டன என்று பார்ப்போம். 2010-ல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னை கீழ்க்கட்டளையில் ஒரு சிறிய இடத்தில், வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் செய்யும் ஃப்ரெஷ்டெஸ்க் கம்பெனியைத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2015-ல் முதல்முறையாக வேறொரு நிறுவனத்தை வாங்கியவர்கள், அடுத்த இரண்டு ஆண்டுகளில் வரிசையாக வாங்கினார்கள். அவற்றில் ஒன்று சென்னையின் கோனோட்டர். செல்போன் செயலிக்குள்ளிருந்தே வாடிக்கையாளர் கம்பெனியோடு பேசும் வசதியை அது உருவாக்கி வைத்திருந்தது. அந்த விதைதான் பின்னர் ஃப்ரெஷ்சாட் ஆனது. 2017-ல் வாங்கிய ஸார்கெட் நிறுவனத்தின் மென்பொருள் ஃப்ரெஷ்மார்க்கெட்டர் ஆனது. ஆளெடுத்து, தவறு செய்து, திருத்தி, தாங்களே செய்திருக்கலாம். ஆனால் வேகமாக வளரும் கம்பெனிக்குப் பணத்தைவிட நாட்களுக்குத்தான் பஞ்சம். தவறுகளை ஏற்கெனவே செய்து கற்றுக்கொண்டவர்களை அவர்கள் அழைத்துக்கொண்டார்கள்.

நந்தனத்துக்குப் பக்கத்திலேயே, செனடாப் சாலையில் இருக்கும் கெவின்கேர் இன்னொரு பாடம். 1983-ல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தொடங்கிய தொழில் அது. சிக் ஷாம்பு சாஷே பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தது. வழி தயாராக இருந்தது. அதில் அனுப்ப வேறு சரக்கு வேண்டும். பழச்சாறுக்கு 2008-ல் 'மா' என்ற நிறுவனத்தையும், நொறுக்குத்தீனிக்கு 2009-ல் மும்பையின் கார்டன் நிறுவனத்தையும் வாங்கினார்கள். தங்களிடம் இல்லாத கைப்பழக்கமும் மக்களுக்குப் பழகிய பெயரும் சேர்ந்தே வந்தன.

வாங்காமலும் வளரலாம். ஸ்ரீதர் வேம்புவின் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ வெளியார் முதலீட்டை நாடாமல், வேண்டியதைப் பெரும்பாலும் தானே செய்து வளர்ந்தது. பள்ளி முடித்த பிள்ளைகளையும் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொண்டது. கிரீஷ் முன்பு வேலை பார்த்ததும் அங்கேதான். ஒரே ஊர், ஒரே தொழில், பாதை இரண்டு. ஒருவர் காலத்தை விலை கொடுத்து வாங்கினார், இன்னொருவர் காத்திருந்தார்.

ஆகவே, அம்மா, முதலில் உங்களிடம் எது குறைவு என்று பாருங்கள். மெஷின் மட்டும்தான் என்றால் மெஷினையே வாங்குங்கள். அந்தப் பெரியவரிடம் பதம் தெரிந்து மிளகாய் வறுக்கும் மாஸ்டர் இருக்கிறார், கேள்வி கேட்காமல் சரக்கெடுக்கும் கடைகள் இருக்கின்றன, கடனுக்கு மல்லி தரும் மண்டி இருக்கிறது என்றால், அவை எந்த மெஷின் கடையிலும் கிடைக்காது. ஆனால் அவை கைமாறும்போது கலைந்துபோகவும் கூடும். பெரியவரைச் சில மாதங்கள் கூடவே இருக்கச் சொல்லுங்கள். விலையில் ஒரு பகுதியை அதன் பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று. ஒரு தொழிலை அப்படியே வாங்கினால், விற்றவர் வைத்த பழைய ஜி.எஸ்.டி. பாக்கிக்கு வாங்கியவரும் பொறுப்பு. பி.எஃப். பாக்கியும் உங்களைத் தேடி வரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் எல்லாக் கணக்கையும் காட்டிவிடுங்கள்.

அதற்கும் முன்னால், ஒருநாள் காலையில் வறுக்கும் நேரமாகப் பார்த்து அங்கே போய் நில்லுங்கள். "என்னோட வேலை செய்வீங்களாண்ணே?" என்று அந்த மாஸ்டரிடம் நீங்களே கேளுங்கள். அவர் முகம் மலர்ந்து சரி என்றால், விலை பேச உட்காருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்