சைக்கிளைத் தூக்கிப் போடாதீங்க!

அக்கா பதினோராம் வகுப்பில் வாங்கிய அரசு சைக்கிளைத்தான் நான் ஓட்டுகிறேன். போன மாதம் மிதிக்கும்போது பெடல் 'டக் டக்'னு ஆடியது. "காயலான் கடையில போட்டுடலாம்" என்றார் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சைக்கிள் கடை அண்ணன் பார்த்தார். பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் மட்டும்தான் தேய்ந்திருந்தது. கூலியோடு ஐம்பதே ரூபாய்! "இப்படியே ஓட்டியிருந்தா துளையும் தேஞ்சு, தண்டையே மாத்தணும்" என்றார்.

நம் பள்ளி ஷெட்டிலும் மூன்று சைக்கிள்கள் துருப்பிடித்து நிற்கின்றன. ஒரு பாகம் கெட்டால் முழு வண்டியும் கெட்டதா?

பல ஆண்டுகளுக்கு முன்பே சைக்கிள் தொழிற்சாலை தொடங்கிய அம்பத்தூர் நமக்குப் பக்கம்தான். நாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஆசிரியர்களே, வாரம் ஒரு பீரியட் சொல்லித் தாருங்கள். பெண்பிள்ளைகளுக்கும்தான்!

- 9-ஆம் வகுப்பு மாணவி, திருமழிசை